கழுத்துக்கு லேசான கேமரா

இனி ரங்கநாதன் தெருக் கடைகளில் மனைவிக்காக ஒரு பையைக்கூடத் தூக்குவதில்லை என்று வைரவன் சபதம் எடுத்தது, மச்சினி கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது. மனசுக்குள்தான். வெளியே சொல்லும் அளவுக்கு அவருக்குத் தைரியம் கிடையாது.

காரணம், அங்கே வந்த போட்டோகிராபர். சீர்த்தட்டு, தாம்பூலப் பை, மாமியாரின் சூட்கேஸ் என்று எல்லாவற்றையும் வைரவன் தலையில் கட்டினார்கள். கழுத்தில் பெரிய கேமராவைத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு நின்ற அந்த மனுஷனிடம் மட்டும் ஒரு வெற்றிலைத் தட்டைக்கூட யாரும் நீட்டவில்லை. படம் எடுப்பதெல்லாம் சும்மா, கேமரா என்பது மூட்டை தூக்காமல் தப்பிக்கிற வழி என்று வைரவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கொடைக்கானல் டூர் தோதாக வந்தது. டூருக்கும் ஆச்சு, தினப்படிக்கும் ஆச்சு, ஒரு கேமரா வாங்கலாமே என்று மனைவி ஸ்வர்ணலதாவிடம் மென்று விழுங்கிச் சொன்னார். போன் இருக்கும்போது எதுக்கு என்பாள், வெட்டிச் செலவு என்பாள் என்று நினைத்துப் பதில்களை உருப்போட்டு வைத்திருந்தார். அவளோ தோசையைத் திருப்பிக்கொண்டே சரி என்றுவிட்டாள். வைரவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாண்டி பஜாரில் அமீன் பாயின் கேமரா கடை. பெரிய லென்ஸ் வைத்த ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். பாரம் கழுத்தை இழுத்தது. இரண்டு கையும் நிறைந்தது. முகம் மலர்ந்தது.

"பாய், அதை வாங்கி வைங்க," என்றாள் ஸ்வர்ணலதா. "இவருக்குக் கழுத்து வலி. போன வாரம் அரிசி மூட்டையைத் தூக்க முடியாம படுத்துட்டார்."

போன வாரம் அவரே சொன்ன பொய் அது. இப்போது எப்படி மறுப்பது?

அமீன் பாய் சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "இதைப் பாருங்க சார். ஜூம் உள்ளேயே இருக்கு. கை நடுங்கினாலும் படம் ஆடாது. சட்டைப் பாக்கெட்ல போட்டா, இருக்கிறதே தெரியாது."

"தெரியணுமே பாய்," என்று முனகினார் வைரவன். அதற்குள் பில் போட்டாகிவிட்டது.

வெளியே நடைபாதையில் அவளை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். அழகாக வந்திருந்தது. திட்டம் போனால் போகட்டும். குட்டு உடையவில்லை, கேமராவும் கைக்கு வந்தது, தன் கழுத்துக்காகக் கவலைப்பட ஒருத்தி இருக்கிறாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"பாக்கெட்ல பத்திரமா வைங்க," என்ற ஸ்வர்ணலதா, கைப்பையிலிருந்து மடித்த கட்டைப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். "கல்யாணத்துல அந்த போட்டோகிராபர் கையையே பாத்துட்டு நின்னீங்களே, அப்பவே எனக்குத் தெரியும். வாங்க, ரங்கநாதன் தெருவுக்குப் போலாம். ரெண்டு கையும் காலியாத்தானே இருக்கு?"