பதினொரு நாள் பதில் தலைவர்

மேஜர் ஜெனரல் பாலகிருஷ்ணன் முப்பத்தாறு ஆண்டுகள் இந்தியத் தரைப்படையில் பணியாற்றியும் ஒருமுறைகூட ஆட்சியைக் கைப்பற்றியதில்லை. ஓய்வு பெற்று, கடல் கடந்து லவால் நகரில் மகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

அவ்வூர்த் தமிழ்ச் சங்கமான வடதுருவத் தென்தமிழர் பேரவையின் நிரந்தரத் தலைவர் அரியரத்தினம் இடுப்பு வலி வைத்தியத்துக்காகக் கேரளம் புறப்பட்டார். தலைவர் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பது பேரவையின் யாப்பு, அதாவது சட்டவிதி. துணைத்தலைவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள்தான்; ஒருவரை உட்கார வைத்தால் மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு பேரவை தொடங்கிவிடுவார்கள்.

"பதினொரு நாள்தான் ஜெனரல், நீங்கள் பதில் தலைவர். கையெழுத்தை வையுங்கோ, வேறை ஒண்டும் செய்து போடாதேங்கோ," என்றார் அரியரத்தினம்.

அந்தப் பதினொரு நாளுக்குள் கலைவிழா வந்தது. ஜெனரலின் கவலையெல்லாம் ஆறு வயதுப் பேத்தி ரக்ஷனாவின் நடனம்தான். போன வருடம் தன் முறை வருவதற்குள் குழந்தை தூங்கிப்போய், மறுநாள் முழுக்க அழுதாள். இந்த வருடமும் அவளை அழவிட அவருக்கு மனமில்லை.

அழைப்பிதழில் 'மாலை சரியாக ஐந்து மணி' என்றிருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் மண்டபத்தில் ஜெனரல் சரியாக ஐந்துக்குக் குத்துவிளக்கை ஏற்றினார். அவையில் ஆடவந்த பிள்ளைகளின் பெற்றோரும் மண்டபக் காவலாளியும் மட்டுமே. துணைத்தலைவர்கள் ஒன்பது பேரையும் வரிசையாக உரையாற்ற அழைத்தார். ஒருவரும் வந்திராததால் ஒன்பது உரையும் ஒரே நிமிடத்தில் இனிதே நிறைவுற்றன. ஐந்தேகாலுக்கு ரக்ஷனா ஆடினாள். ஜெனரலுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏழு மணிக்குப் பட்டுப்புடவைகள் வந்து இறங்கியபோது காவலாளி மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இது இராணுவப் புரட்சி!" என்று செயலாளர் ஞானேந்திரன் குதித்தார்.

"சரியா அஞ்சு மணின்னு நீங்கதானே சார் அச்சடிச்சீங்க?"

"அது அழைப்பிதழுக்கு ஜெனரல். சனத்துக்கு இல்லை."

ஒருவரைப் பதவி நீக்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்பதும் யாப்பு. ஜெனரல் தன்னை நீக்கும் கடிதத்தில் தானே கையெழுத்திட்டார். கையெழுத்து வைக்கத்தானே சொல்லியிருந்தார்கள்.

ஆனால் நீக்கப்பட்டவர் இப்போது முன்னாள் பதில் தலைவர். முன்னாள்களுக்குப் பாராட்டு விழா எடுத்தே ஆக வேண்டும், அதுவும் யாப்பு. அழைப்பிதழ் வந்தது: மாலை சரியாக ஐந்து மணி, ரக்ஷனாவின் வரவேற்பு நடனத்துடன்.

அன்று மகளும் பேத்தியும் முன்னே போய்விட்டார்கள். ஜெனரல் நாலரைக்கே ஷூ மாட்டிக்கொண்டு நிற்க, ஞானேந்திரன் தொலைபேசியில் வந்தார்.

"வெளிக்கிட்டிடாதேங்கோ ஜெனரல்! பிரதம விருந்தினர் முதல் ஆளா வந்து நிண்டால் பொன்னாடைக்கு என்ன மரியாதை? சனம் நிரம்பட்டும், நான் போன் எடுக்கிறன்."

"அப்படிங்களா?" ஜெனரல் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நியாயமாகத்தான் பட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

ஏழே முக்காலுக்கு அவர் நுழைந்தபோது அவையே எழுந்து நின்றது. முப்பத்தாறு ஆண்டுகளில் எந்த அணிவகுப்பும் அவருக்கு இவ்வளவு இனித்ததில்லை. ஒன்பது துணைத்தலைவர்களும் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள்.

"ரக்ஷனா ஆடிட்டாளா?" என்று கேட்டார்.

"அதெப்படி? நீங்கள் வரட்டும் எண்டுதானே நிப்பாட்டி வைச்சிருக்கிறம்," என்று ஞானேந்திரன் முன்வரிசையைக் காட்டினார்.

ரக்ஷனா இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, காலில் சலங்கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெனரல் ஒன்பதாவது பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். அவை நெகிழ்ந்துபோய் நெடுநேரம் கைதட்டியது. அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை.