ரெண்டு ரெக்கை சார்

ஓர் ஈக்கு வக்கீலாக வாதாடிய மனிதர் உலகத்திலேயே எங்கள் சிட்லபாக்கம் அபார்ட்மென்டில்தான் இருக்கிறார். ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். அவருடைய சொந்தப் பெயரைக் கூரியர்காரர்தான் சொல்வார். எங்களுக்கு அவர் ரெண்டு ரெக்கை சார்.

மொட்டை மாடியில் அவர் வளர்க்கும் சாமந்தித் தொட்டிகளைத் தேடி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பூச்சிகள் வரும். வந்து அந்தரத்தில் அப்படியே நிற்கும். துணி காயப்போட வந்தவர்கள் "ஐயோ குளவி" என்று ஓடினால் சார் வழியை மறிப்பார்.

"குளவிக்கு நாலு ரெக்கை, இடுப்பு சிறுத்திருக்கும். இதுக்கு ரெண்டே ரெக்கை, இடுப்பே கிடையாது. மூஞ்சி முழுக்கக் கண்ணு, மீசை இத்தனூண்டு. இது ஈம்மா. கொட்டத் தெரியாது. குளவி வேஷம் போட்டுப் பொழைக்குது."

"என்ன வேஷமோ போடட்டும் சார். என் நைட்டி மேல ஏன் உக்காருது?" என்பார் மூன்றாம் மாடி அக்கா.

எங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளருக்கு மறைமலை நகரில் வேலை. அங்கே வாயே திறக்காத மனிதர், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் முழங்குவார். ஒரு வாரம் மாடி முழுக்கப் பூச்சிமருந்து அடிப்பது, தொட்டிகளை அகற்றுவது என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

சார் எழுந்தார். "எல்லாரும் மாடிக்கு வாங்க. ஒண்ண வெறுங்கையில பிடிக்கறேன். கொட்டுச்சுன்னா தொட்டிய நானே தூக்கிடறேன்."

மாடியில் வாட்ஸ்அப் குரூப்புக்காக யாரோ வீடியோ எடுக்க, சார் அழகாகத் தெரிய வேண்டுமென்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. பூவிலிருந்து ஒன்றை லபக்கென்று பிடித்து விரல்களை மூடினார். காது சிவந்தது. கண்ணில் நீர் கோத்தது. ஆனாலும் சிரித்தார்.

"பாருங்க, ஒண்ணும் பண்ணல" என்று கையைத் திறந்து பறக்கவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் வேறு வழியில்லாமல் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டேன். "சார், பறந்து போனதுக்கு இடுப்பு இருந்துச்சே."

"கொடுக்கும் இருந்துச்சு சார். வெளியில சொல்லிடாதீங்க."

உள்ளங்கை போண்டாவாக உப்பியிருந்தது. வீட்டுக்கு அழைத்துப்போய் ஐஸ் வைத்தேன்.

"ரொம்ப வலிக்குதா சார்?"

"வலிக்குது. இனிமே மருந்து அடிக்க மாட்டாங்கல்ல?"

மாட்டார்கள் என்றேன். ஐஸ் கரைந்து சட்டையெல்லாம் நனைந்தது. அந்தக் கையை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.