நூற்றுப் பத்தில் வைத்த கெட்டில்

அந்நாளில் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடச் சந்தேகிக்காத உண்மை ஒன்று இருந்தது: வெளிநாட்டில் யாரும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை, சுடவைத்து நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஞானத்தை எங்களுக்கு வழங்கியவர் என் கணவர். சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். (அதுவரை அவர் கடந்திருந்த எல்லைகள் இரண்டே: நாடுகாணி வழியாகக் கேரளம், முதுமலை வழியாகக் கர்நாடகம்.)

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிவேதா, தனக்கானவரைத் தானே தேர்ந்துகொண்டதாக ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். பையன் அங்கேயே வளர்ந்தவன். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள். என் கணவர் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. "அவங்களோட உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டுத்தான் முடிவு சொல்லுவேன். அதும் நம்ம டீ, நானே போட்டது," என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் பெயராது என்பதை அறிந்த மகள், கொஞ்சம் அழுதுவிட்டு விமானச் சீட்டை அனுப்பினாள்.

ஆகவே, கையோடு கொண்டுபோக ஒரு சிறு கெட்டில் தேவைப்பட்டது.

மாப்பிள்ளை பார்க்கும் பாக்கியத்தை மகள் பறித்துக்கொண்டதால், அதற்கென்று சேர்த்துவைத்திருந்த உழைப்பை எல்லாம் அவர் கெட்டில் பார்ப்பதில் செலவிட்டார். கூடலூர், குன்னூர், ஊட்டி என்று பஸ் ஏறி இறங்கினோம். மடங்கும் ரப்பர் கெட்டிலைத் 'துருத்தி' என்று தள்ளினார். ஒன்றுக்கு மூக்கு கோணல். ஒன்றுக்கு மூடியின் சத்தம் மரியாதையாக இல்லை. கடைகளில் எனக்கு நாற்காலி போடுவது வழக்கமாகிவிட்டது. நான் நாவல் ஒன்றைக் கையோடு கொண்டுபோனேன். கெட்டில் அமைவதற்குள் அது முடிந்து, அடுத்ததைத் தொடங்கியிருந்தேன்.

"ஏனுங்க சார், பொண்ணு பாக்கறவங்ககூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்களேங்க!" என்று கூடலூர்க் கடைக்காரர் கைகூப்பினார்.

"பொண்ணு பேசுமுங்க. இது பேசாதே. நாமதான கேக்கோணும்?" என்றார் இவர்.

இறுதியில் அமைந்தது அரை லிட்டர் பிடிக்கும் ஒன்று. உள்ளே எவர்சில்வர், வெளியே பிளாஸ்டிக். அடியில் ஒரு சிறு ஸ்விட்ச். ஒரு பக்கம் 110, மறுபக்கம் 220. போகும் நாட்டின் மின்சாரம் எதுவோ அதற்கேற்பத் தள்ளிக்கொள்ள வேண்டும். "இருநூத்தி இருபதுல வைங்கப்பா. நம்மூருக்கும் ஜெர்மனிக்கும் அதேதான்," என்று மகள் தெளிவாகவே சொல்லியிருந்தாள்.

ஆனால் எங்கள் வீடு தேவாலாவில், மின்கம்பி முடிகிற இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்களை வந்தடையும் மின்சாரம், நெடுந்தூரம் நடந்து களைத்த விருந்தாளியைப் போன்றது. அதனிடம் எதையும் கேட்கக் கூச்சமாக இருக்கும். 220-இல் வைத்த கெட்டில் முனகியது, கொதிக்கவில்லை. இவர் ஸ்விட்சை மறுபக்கம் தள்ளினார். சற்று நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"பாத்தியா அம்மிணி! புள்ளைக்கு என்ன தெரியும்? நம்ம கரண்டுக்கு இதுதான் சரியான பக்கம்."

நான் தலையாட்டினேன். (கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது போகும் என்பதுதான்.) நம்மூருக்கும் ஜெர்மனிக்கும் ஒன்றுதான் என்று மகளே சொன்ன பிறகு வேறென்ன ஐயம்? பயணத்தில் ஸ்விட்ச் நகர்ந்துவிடக் கூடாதென்று, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பையும் ஒட்டினார்.

மகள் இருந்தது ஒற்றை அறை என்பதால், நாங்களும் பையனின் பெற்றோரும் ஒரே விடுதியில் வெவ்வேறு அறைகளில் தங்க ஏற்பாடு. அவர்கள் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் நாங்கள் உறங்கிவிட்டோம். மறுநாள் பதினொரு மணிக்கு எங்கள் அறையில் சந்திப்பு, டீ, தீர்ப்பு.

விடிந்ததும் இவர் ஒத்திகையில் இறங்கினார். கெட்டிலைச் சொருகினார். எங்கள் களைத்த விருந்தாளியை மட்டுமே அறிந்திருந்த அந்தச் சிறு பொருள், வாழ்க்கையில் முதன்முறையாக முழு மின்சாரத்தைச் சந்தித்தது. தண்ணீர் கொதிக்கவில்லை, பொங்கிச் சீறியது. மூடி பறந்தது. பிளாஸ்டிக் உருகும் நாற்றம், பிறகு புகை, பிறகு விடுதி முழுவதும் அலறும் மணி.

அனைவரும் நடைபாதையில் நின்றோம். பனிக்குளிர். நான் நைட்டிமேல் ஸ்வெட்டர். இவர் வேட்டியும் மங்கி குல்லாவும். பாஸ்போர்ட்டுகளை அறையில் விட்டுவிட்டு டீத்தூள் பொட்டலத்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். தீயணைப்பு வண்டி வேறு வந்து நின்றது.

"அம்மிணி, கெட்டிலு உள்ளயே இருக்குது," என்றார் பரிதாபமாக.

முன்னால் நின்ற பெண்மணி சட்டென்று திரும்பினார். போர்வைக்குள் இருந்து முகம் மட்டும் தெரிந்தது. "நீங்கள் தமிழோ? நிவேதான்ரை அம்மாவோ?"

அவருக்குப் பக்கத்தில் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றவர், பையனின் தகப்பனார். நிலம் பிளந்து என்னை உள்வாங்கும் என்று எதிர்பார்த்தேன். ஜெர்மனியின் நடைபாதைகள் உறுதியானவை.

அப்போது தீயணைப்பு வீரர் ஒருவர் வெளியே வந்து, ஒரு பக்கம் உருகிச் சரிந்த கெட்டிலை உயர்த்திப் பிடித்து ஏதோ கேட்டார். யாருடையது என்று புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. இவர் பொட்டலத்தை இறுக்கிக்கொண்டார். பையனின் தகப்பனார் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார், ஒற்றைச் செருப்போடு முன்னே போய்க் கையை உயர்த்தினார். எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு நீண்ட அர்ச்சனை நடந்தது. தலை குனிந்து கேட்டுவிட்டு, கெட்டிலையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, நாஞ் செஞ்சதுக்கு நீங்க எதுக்குங்க..." என்று இவர் தடுமாறினார்.

"எனக்கு அவையின்ரை பாஷை விளங்கும். ஏச்சு வாங்க நான்தான் சரி," என்றார் அவர். "உங்களுக்கு ஏசினா ஒண்டும் விளங்காது. வீண்தானே?"

அவர் மனைவி எதிர்ச்சாரி பேக்கரியிலிருந்து காகிதக் குவளைகளில் தேத்தண்ணி வாங்கி வந்தார். வெதுவெதுப்பான தண்ணீர், அதில் நூல் கட்டிய ஒரு பை மிதந்தது. முப்பது ஆண்டுகளாக டீயின் நிறத்தை வைத்தே மனிதர்களைத் திட்டியவர் என் கணவர். அதை அடிவரை குடித்தார்.

மகள் ஓடி வந்து சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தாள். "அப்பா, என்னங்கப்பா இது..."

"ஒண்ணுமில்ல கண்ணு. சம்பந்தியோட டீ குடிச்சாச்சு. தேதி பாத்துக்கலாம்."

அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். இம்முறை யாரும் தேற்றவில்லை, தேவைப்படவில்லை.

அந்தக் கெட்டில் வெகுகாலம் சம்பந்தி வீட்டுக் கண்ணாடி அலமாரியில், வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் மருமகன் இன்றும் எதைச் சொருகுவதானாலும், "மாமா, உங்கட கரண்டோ, எங்கட கரண்டோ?" என்று வெற்றிடத்தைப் பார்த்துக் கேட்பான். பேத்தி சிரிப்பாள். அவள் இருவரில் எந்தத் தாத்தாவையும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தி அம்மா தொலைபேசியில் அழைப்பார். அவர் தேத்தண்ணியோடும் நான் டீயோடும் உட்காருவோம். அன்று அந்த நடைபாதையில் நின்ற நான்கு பெற்றோரில் இப்போது நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம்.