உள்ளே கூழ்ம வெள்ளி உண்டு

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே ஒரு பிழையும் சொல்ல முடியாத வாசகம் எட்டுச் சொற்கள் கொண்டது. அந்த எட்டுச் சொற்களால் என் மகளின் தொழில் ஒரே காலைப் பொழுதில் கவிழப் பார்த்தது. பிழையோடு எழுதுகிறவர்களுக்கு இப்படியெல்லாம் நடப்பதில்லை. அவர்கள் எழுதியதை யாரும் நம்புவதில்லை.

ஈப்போவில் அரசாங்கப் பல் மருந்தகம் ஒன்றில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (கிராணி என்றால் குமாஸ்தா. தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுத்துக் கணக்கெழுதியவரும் கிராணிதான். பல் பிடுங்க வந்தவருக்கு எண் எழுதிக் கொடுத்த நானும் கிராணிதான்.) எந்தப் பாரத்தை, அதாவது படிவத்தை, எத்தனை பிரதியில் நிரப்ப வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எழுப்பிக் கேட்கவில்லை, அதுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்க்கவே என் மகள் மீனா வங்கி வேலையை விட்டாள். (அவள் சொன்ன காரணம் வேறு.) இயற்கைப் பற்பசை செய்து விற்கப் போகிறாளாம். தேங்காயெண்ணெய், கிராம்பு, வேப்பிலை, சீமைச் சுண்ணாம்புப் பொடி, இவற்றோடு சிறு குப்பியில் தண்ணீரைப் போல ஒரு திரவம். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் அதில் மிதக்கின்றன, கிருமிகளுக்கு அது ஆகவே ஆகாது என்றாள்.

ஆயர் தாவாரில் இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கும் வள்ளியம்மை ஆச்சி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நான் காகிதத்தப் பாத்து சாமான் எடுக்கிறவ இல்ல. சனம் வாங்குறதக் கண்ணால பாக்கணும்." ஆகவே ஆடி வெள்ளியன்று, புந்தோங்கில் ஒரு மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் மீனா மேசை போடுவாள், ஆச்சி வந்து பார்ப்பார் என்று ஏற்பாடு. ஆச்சி எடுத்தால் அவருடைய மூன்று கடைகளிலும் மீனாவின் பற்பசை இருக்கும். எடுக்காவிட்டால் மீனா வங்கிக்குப் போய்ப் பழைய நாற்காலியைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான். செய்து வைத்திருந்தது நூற்றிருபது குழாய். அவளிடம் அவ்வளவுதான் இருந்தது.

குழாயில் என்ன அச்சடிப்பது என்று அவளே எழுதி வைத்திருந்தாள்: கிருமிகளைக் கொல்லும், ஈறு நோயைத் தீர்க்கும், வாய் நாற்றம் ஓடும். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"கொல்லும்னு போடக் கூடாது. தீர்க்கும்னும் போடக் கூடாது. நோயத் தீர்த்தா அது மருந்து. மருந்துன்னா வேற பாரம், வேற ஜன்னல், வேற வரிசை."

"நாத்தம் ஓடும்னாவது போடலாமாப்பா?"

"ஓடுனத யாரு பாத்தா? சான்று இருக்கா?"

"அப்ப என்னதான் போடுறது?"

"உள்ளே என்ன இருக்கோ அதப் போடு. உண்மைக்கு எந்தச் சட்டத்துலயும் தடையில்ல."

"சரி. சில்வர் இருக்குன்னு போடுவோம்."

"சில்வரா? நம்ம சனம் எவர்சில்வர் குவளைன்னு நினைச்சுக்கும். தப்பா அர்த்தம் ஆயிரும்."

(இந்த வரியை எழுதும்போது என் மனைவி சரோஜா பின்னால் நின்று படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என் முன்யோசனையைப் பாராட்டுகிறாள் என்று வைத்துக்கொள்கிறேன்.)

இரண்டு நாள் அகராதியில் மூழ்கி எழுந்தேன். துகள்கள் கரையாமலும் அடியில் தங்காமலும் கலந்து நிற்கும் பொருளுக்குத் தமிழில் கூழ்மம் என்று பெயர். ஆகவே கூழ்ம வெள்ளி. இன்னொன்றும் படித்தேன்: இந்த வெள்ளியை நெடுநாள் விழுங்கி வருகிறவர்களுக்குத் தோல் சாம்பல் கலந்த நீலமாகிவிடுமாம். கண்ணனுடைய நிறம் பக்தியால் வந்தால் பெருமை, பற்பசையால் வந்தால் வழக்கு. எச்சரிக்கை அவசியம். இப்படியாக உருவானதுதான் அந்த வாசகம்:

உள்ளே கூழ்ம வெள்ளி உண்டு. விழுங்க வேண்டாம். குழந்தைகளிடம் கவனம்.

குழாயில் சிறிதாகவும், மேசைக்கு மேலே கட்டிய துணியில் ஆளுயரத்துக்கும் அச்சடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேசை போட்டோம். எட்டரைக்கெல்லாம் வரிசை கோயில் மதிலைத் தாண்டிவிட்டது. "பாத்தியா, சரியான தமிழுக்கு உள்ள மரியாதைய?" என்று மீனாவின் காதில் சொன்னேன். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் தூக்குச்சட்டி இருந்தது. இயற்கைப் பொருள் வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் பையைத் தொடமாட்டார்கள் என்று மீனா சொல்லியிருந்தாள். இத்தனை விழிப்புணர்வா புந்தோங்கில் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆச்சியின் கார் வந்து நின்றது. வரிசையைப் பார்த்த ஆச்சியின் புருவம் உயர்ந்ததையும் கண்டேன்.

வரிசையில் முதலாவது பாப்பாத்தி அக்கா. ஒரு காலத்தில் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். இப்போது புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "கிராணி, எங்க அண்டா?" என்றார்.

"எந்த அண்டா?"

"கூழ் அண்டா லா! அதான் எழுதிப் போட்டிருக்கீங்களே." அண்ணாந்து துணியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "உள்ளே கூழ்... ம... வெள்ளி உண்டு. ஆடி வெள்ளி, கூழ் உண்டு, உள்ள வச்சிருக்கீங்க. வெளிய எடுங்க."

"அக்கா, அது கூழ் இல்ல. கூழ்ம. நடுவுல ஒரு 'ம' இருக்கு பாருங்க."

"பாத்தோம். அச்சுக்காரன் தப்பாப் போட்டுட்டான்னு நாங்களே மன்னிச்சு விட்டுட்டோம்."

நான் விளக்கத் தொடங்கினேன். "கூழ்மம்னா என்னன்னா, தண்ணியாவும் இருக்காது, கட்டியாவும் இருக்காது, நடுவுல கலந்து..."

"அதத்தான் நாங்க கூழ்னு சொல்றோம்."

அறிவியல்படி அவர் சொன்னது சரிதான். (இன்றுவரை சரிதான்.)

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "இங்க கூழ் இல்லயாம் மச்சான். வா, அந்தக் கோயிலுக்குப் போலாம், அங்க தப்பாவ் பண்ணி, வீட்டுக்கே கட்டிக் குடுக்கிறாங்க." வரிசை வாலிலிருந்து உதிரத் தொடங்கியது. ஆச்சி கைப்பையைத் தோளில் ஏற்றிக் காரைத் திரும்பிப் பார்த்தார். மீனாவின் முகத்தில் அந்த வங்கி நாற்காலி தெரிந்தது.

தகப்பன் மனம் கேட்குமா? நாற்காலியின்மேல் ஏறி நின்று கத்தினேன்:

"போகாதீங்க! கூழ் இல்ல! ஆனா உள்ள வெள்ளி இருக்கு! ஒவ்வொரு குழாயிலயும் இருக்கு! தெரியாம விழுங்கிராதீங்க! பிள்ளைங்க கையில குடுத்துராதீங்க!"

தமிழ்நாட்டில் ரூபாய் என்பதை எங்கள் ஊரில் வெள்ளி என்போம். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். பத்து வெள்ளிக்கு மீன், ரெண்டு வெள்ளிக்குத் தேத்தண்ணி. நாற்காலிமேல் நின்ற அந்த நிமிடத்தில் மட்டும் அது என் நினைவில் இல்லை.

போனவர்கள் ஓடி வந்தார்கள். கால் மணி நேரத்தில் நூற்றிருபது குழாயும் விற்றுத் தீர்ந்தன. ஆச்சி நின்ற இடத்திலேயே கைதட்டினார். நான் நாற்காலியிலிருந்து இறங்கக்கூட இல்லை.

வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே மூடியைத் திருகிப் பசை முழுவதையும் தூக்குச்சட்டிக்குள் பிதுக்கினார்கள். ஓர் அண்ணன் மோட்டார்சைக்கிள் சாவியால் குழாயை நெடுக்கக் கிழித்தார். பாப்பாத்தி அக்கா பசைக்குள் கையை விட்டு, மீன் குழம்பில் முள் தேடுவதைப்போலத் துழாவினார்.

"எங்க கிராணி வெள்ளி?"

"அக்கா, கலந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத வெள்ளி எங்க வீட்டுலயே நிறைய கெடக்கு. அதுக்கா இவ்வளவு நேரம் நின்னேன்?"

"காசத் திருப்பிக் குடு லா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திருப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது, முதலில் எழுத்து மூலமாகக் காரணம் தெரிவித்து என்று நான் வாயெடுத்தேன்.

"அப்பா, எறங்குங்க," என்றாள் மீனா.

இறங்கினேன். அவள் நாற்காலியில் ஏறவில்லை. பாப்பாத்தி அக்காவின் முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சுக்குங்கக்கா. உள்ள காசு கெடையாது. இது வெறும் பல்லு வெளக்குற பேஸ்டு, நான் செஞ்சது. காச இப்பவே திருப்பித் தாரேன். பிதுக்குனது பிதுக்கிட்டீங்க, ஒருவாட்டி வெளக்கிப் பாத்துட்டு வாங்கிக்குங்க."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "காலையிலயே வெளக்கிட்டேனே பாப்பா."

"இன்னொருவாட்டி வெளக்குனா பல்லு தேஞ்சா போகும்?"

அக்கா சிரித்துவிட்டார். ஆள்காட்டி விரலில் ஒரு கொத்து அள்ளிக்கொண்டு கோயில் குழாயடிக்கு நடந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். ஆடி வெள்ளி, காலை ஒன்பதரை மணி, புந்தோங்கில் அத்தனை பேர் வரிசையாகக் குனிந்து விரலால் பல் விளக்கினார்கள். பேருந்தில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா கொப்பளித்துத் துப்பினார். நாக்கால் பல்லை ஒரு சுற்றுத் தடவினார். "வெள்ளி இல்லாட்டியும் பரவால்ல. வழவழன்னு இருக்கு." பாதிப் பேர் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. மீதிப் பேருக்கு மீனா ஒரு பாரமும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆச்சி மேசையருகே வந்தார். "சரக்கு நல்ல சரக்கு. மூணு கடைக்கும் எடுத்துக்கிறேன். ஆனா எழுதுனது யாரு?"

மீனா என்னைக் காட்டிக் கொடுத்தாள்.

ஆச்சி குழாயடியில் நின்ற பாப்பாத்தி அக்காவைக் காட்டினார். "இனிமே எதை அச்சடிக்கிறதா இருந்தாலும், அந்த அம்மா படிச்சுச் சரின்னு சொல்லணும். சொன்னாத்தான் எடுப்பேன்."

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. நான் எழுதுவேன், எழுதியதை எடுத்துக்கொண்டு பாப்பாத்தி அக்கா வீட்டுக்குப் போவேன். அவர் சமையல் முடியும்வரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டிப் படிப்பார். புரிந்தால், பேத்தியின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பூனை முத்திரையை எடுத்துத் தாளின் நட்ட நடுவில் குத்துவார். புரியாவிட்டால், "நாளைக்கு வாங்க கிராணி" என்பார். கூழ்ம வெள்ளி என்பதை அவர் அனுமதிக்கவே இல்லை. இப்போது குழாயில் இருப்பது, "பல் விளக்கும் பசை. வெள்ளித் தூள் கலந்தது, காசு இல்லை. துப்பிவிடவும்." ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டேன்.

வீட்டிலும் அந்தப் பூனை நுழைந்துவிட்டது. நேற்று சாம்பாரில் உப்புக் குறைவு என்றேன்.

"பாப்பாத்தி அக்காகிட்ட காட்டுனீங்களா? பூனை விழுந்துச்சா?" என்றாள் சரோஜா.

விழவில்லை. அப்படியே சாப்பிட்டேன்.