வெள்ளிப் பசையும் மாமியார் சுருதியும்

சம்பளத்துக்குச் செய்யும் வேலையை வீட்டில் இலவசமாகச் செய்யும்போதுதான் நம் லட்சணம் வெளியே வரும். என்னுடையது வந்தது வலியசாலையில், ஒரு நவராத்திரி சாயங்காலம், ஊரே பார்க்க.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. வெள்ளித்தூள் கலந்த பசை ஒன்று உண்டு. ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்குப் பதிலாக அதை வைத்து ஒட்டினாலும் மின்சாரம் ஓடும். அந்த ஒட்டுகளைச் சூடும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் வாரக்கணக்கில் போட்டுவைத்து, எப்போது கெடுகின்றன என்று பார்ப்பது என் பொறுப்பு. ஈரம் புகுந்தால் ஒட்டில் மின்சாரம் திணறும் என்று மாதாமாதம் அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். (படித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.)

என் மாமியார் முப்பது வருஷமாக வலியசாலை அக்ரஹாரத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். மேடை ஏறியதே இல்லை. ஐம்பத்தெட்டாவது வயதில் கோவில் மண்டபத்தில் முதல் கச்சேரி கிடைத்தது. நாலு நாள் முன்னால் அவருடைய பழைய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி உயிரை விட்டது. சுருதியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு அடியில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது.

"ஃபோன்லயே சுருதி வருமேம்மா" என்றேன்.

"நடுவுல யாரானும் ஃபோன்ல விளிச்சா? நீ எஞ்சினீயர்தானே, ஒட்டிக் குடு."

பெருமை தலைக்கேறியது. ஆபீசில் தேதி முடிந்து தூக்கிப்போட வைத்திருந்த பசையைக் கேட்டு வாங்கிவந்து ஒட்டினேன். அது இறுகுவதற்குச் சூளையில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். வீட்டில் சூளைக்கு எங்கே போவது? அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. பெட்டியின் சர்க்யூட் பலகையைக் கழற்றி இட்லிப் பானை மூடிமேல் வைத்தேன், ஆவி பறக்கப் பறக்க. (ஈரத்தைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள்!)

பெட்டி சுகமாக இரைந்தது. மாமியார் என் கன்னத்தைக் கிள்ளினார்.

கச்சேரியன்று துலாவர்ஷ மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் தூண்களுக்கே வியர்த்தது. முதல் பாட்டு அவருடைய வழக்கமான சுருதியான ஐந்தரைக் கட்டையில் அமோகம். இரண்டாவதில் சுருதி மெல்ல இறங்க ஆரம்பித்தது. என் ஒட்டில் ஈரம் புகுந்துவிட்டது என்று அத்தனை பேரில் எனக்கு மட்டும் புரிந்தது.

வயலின்காரர் குனிந்து, "மாமி, சுருதி எறங்கறது" என்றார்.

"எம் மாட்டுப்பொண் ஒட்டினதாக்கும், எறங்காது. உங்க வயலின்தான் ஏறியிருக்கு" என்றார் மாமியார். மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது.

பாவம், அந்த மனிதர் ஒவ்வொரு பாட்டுக்கும் தந்தியைத் தளர்த்தப் பிருடையைத் திருகினார். மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டோ தட்டென்று தட்டினார். தப்பை ஒப்புக்கொள்ள நான் மேடைப் பக்கம் போவதற்குள் பெட்டி ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது. அப்போது சுருதி நாலரைக் கட்டை.

மாமியார் நிறுத்தவில்லை. பெட்டி விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். ஐந்தரையில் எப்போதும் கிறீச்சிடும் மேல் ஸட்ஜத்தில் குரல் சிரமமே இல்லாமல் போய் நின்றது. சின்ன வயதில் யாரோ வைத்துவிட்ட சுருதியிலேயே இத்தனை வருஷம் தொண்டையைக் கட்டிப்போட்டிருக்கிறார். கூட்டம் கைதட்டியது. நான் அழுதேன், பாதி பயத்தில், பாதி சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்ததும் இட்லிப் பானை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அந்தப் பெட்டிய நன்னாக்கிடாதே, கேட்டியா" என்றார்.

இப்போது மாதம் ஒரு கச்சேரியாவது பாடுகிறார், நாலரையில். பக்கவாத்தியக்காரர்கள் "என்ன கட்டை மாமி?" என்று கேட்டால், "மாட்டுப்பொண் கட்டை" என்பார். தெரிந்தவர்கள் பேசாமல் நாலரைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்குக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதை நான்தான் சொல்ல வேண்டும் என்பது மாமியார் உத்தரவு.