ரெகுலேட்டர் அண்ணன் கடையில் கேட்ட மூச்சு

கம்ப்யூட்டர் காத்தாடியைத் திருகியே ஊரைக் கதிகலங்க வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நிஜப் பெயர் போர்டில் இருந்திருக்கும், யார் படித்தோம்? எங்களுக்கு அவர் ரெகுலேட்டர் அண்ணன்.

அவர் கடையில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முகத்திலும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய திருகுக் குமிழ் ஒன்று இருக்கும். உள்ளே சுற்றும் காத்தாடியின் வேகம் அதில்தான். நாம் மும்முரமாக வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருப்போம். அண்ணன் பூனை மாதிரி பின்னால் வந்து திருகைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் பெட்டி கொதித்து, திரை உறைந்து, விண்ணப்பம் அம்போ.

"அண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுண்ணே!"

"கத்திக்கினு இருக்காத. தோ வர்றேன்."

வந்து, பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டு, பனையோலை விசிறியால் வீசுவார். சத்தமே வராது. கம்ப்யூட்டருக்கு வேர்க்கும் என்று கண்டுபிடித்த மகராசன்!

சிரித்து முடித்த பிறகுதான் விஷயமே. எல்லாக் காத்தாடியும் அடங்கிய அந்த அமைதியில், ஆறாம் நம்பர் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து யாரோ மூச்சு விடுவது கேட்கும். இழுக்கும். நிற்கும். இனி வராது என்று நாம் முடிவுகட்டிய பிறகு விடும். விக்கிரவாண்டியிலிருந்து வந்த காலேஜ் பையன் ஒருவன் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான். செருப்பு ரொம்ப நாள் வாசலிலேயே கிடந்தது.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "இன்னாண்ணே அது?"

"உங்க அண்ணிடா."

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அவர் மனைவி. வருஷக்கணக்காக வீசிங், மூச்சிரைப்பு.

"கடைய வுட்டா சோறு இல்ல. இதுங்க போடற எரைச்சல்ல அவ மூச்சு நின்னாக்கூட எனக்குத் தெரியாதுடா" என்றார். அதற்கப்புறம் அவர் திருகினால் நான் முணுமுணுத்ததில்லை.

ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று கடை கொள்ளாத கூட்டம். வெயிலுக்கு எல்லாக் காத்தாடியும் முழு வேகத்தில் இரைந்தன. திடீரென்று அண்ணன் பாய்ந்து ஒவ்வொரு திருகையும் குறைத்தார். "எல்லாரும் கம்னு இருங்க!"

கூட்டம் கப்சிப். ஒரு பெண்ணின் மார்க் திரையில் பாதி வந்து நின்றது. பிளைவுட்டுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் முகம் வெளுத்தது. அப்புறம், மெல்ல, இழுத்தது. ஏன் என்று தெரியாமலேயே கூட்டம் மொத்தமும் சேர்ந்து மூச்சு விட்டது.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணி போய்விட்டார். சில மாதம் கழித்துப் போனேன். கட்டில் இல்லை. பிளைவுட்டையும் எடுத்திருந்தார், வெறும் சுவர். ஆறாம் நம்பரில் உட்கார்ந்து விண்ணப்பத்தை ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொரு திருகாகக் குறைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"கேக்குதாடா?"

அவர் மனசு நோகக் கூடாதென்று பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கேட்டது. இழுத்தது. நின்றது. விட்டது.

"கேக்குதுண்ணே."

அவர் விசிறியை எடுத்து எனக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து வீச ஆரம்பித்தார். விண்ணப்பம் போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.