சம்பந்திக்கு, ஆறு கம்பி விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, உங்கள் மருமகள், உங்கள் மகன் நால்வரும் சுகம். என் வலது காதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் பரம சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இப்போது எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது!

'அது' என்று நான் சொல்வது மாப்பிள்ளையின் ஆறு கம்பி பேஸ் கிடாரை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஒரு வண்டியோடு வந்து அதை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சமெல்லாம் வயிற்றெரிச்சல், நேரம் இருந்தால் படியுங்கள்.

கல்யாணம் முடிந்த கையோடு, ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, இருவரும் எங்கள் மாடி அறையில் தங்கட்டும் என்று தாங்கள் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டீர்கள். எங்களுக்கும் ஒரே பெண். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் பல்செட் தேய்க்கும் என் மோட்டார் சத்தமும் என் மனைவியின் டிவி சத்தமும்தான் மிஞ்சும் என்று பயந்துகொண்டிருந்தோம். அதனால் மனதாரச் சொல்கிறேன், அவர்கள் வந்தது சந்தோஷமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையும் தங்கமான பிள்ளை. 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது என்று, கேட்காமலே குடிதண்ணீர் கேனைத் தூக்கி வைப்பார், பல்பு மாற்றுவார். சாயங்காலம் என் எதிரே வந்து மரியாதையாக உட்காருவார். அங்கேதான் சிக்கல். இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயமும் கிடையாது. வெயில் அதிகம் என்பேன். ஆமாம் மாமா என்பார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. வீட்டில் கொஞ்சம் சத்தம் இருந்தால் தேவலை என்று ஆசைப்பட்டவன் நான்தான். எவ்வளவு சத்தம் என்று சொல்லி ஆசைப்பட்டிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை.

ஒரு விடுமுறை நாளில், "மாமா, ஒரு சாமான் வாங்கணும், கூட வரீங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். முதல் தடவையாக என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிடுகிறார். பீரோவோ வாஷிங் மெஷினோ வாங்கப் போகிறார், பேரம் பேச ஆள் வேண்டும் என்று நினைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். போய்ப் பார்த்தால் இசைக்கருவிக் கடை. சுவர் முழுக்கக் கிடார்களைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டே, இருப்பதிலேயே மலிவான நாலு கம்பி பேஸ் கிடார் ஒன்றைத் தொட்டுக் காட்டி, "பழகறதுக்கு இது போதும் மாமா" என்றார். அதோடு போயிருந்தால் இன்றைக்கு எனக்குக் கடிதம் எழுதும் வேலை இல்லை. கடைக்காரர் சும்மா இருக்காமல் பக்கத்தில் தொங்கிய ஆறு கம்பியைக் காட்டினார். விலையைக் கேட்டால், இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. குடும்பஸ்தன் எவனாவது அதை விட்டுவிட்டு வருவானா? "மாப்பிள்ளை, ரெண்டு கம்பி சேர்த்தே வருதே, ஆறே வாங்கிடுங்க" என்றேன். "எனக்கு நாலே வாசிக்கத் தெரியாது மாமா" என்றார். "பின்னாடி தேவைப்படும்" என்றேன். என்னவோ மகள் பிறந்தபோது இரண்டு அளவு பெரிய சட்டை வாங்கிய அதே நினைப்பு. அவரும் மறுபேச்சுப் பேசாமல் ஆறையே வாங்கிக்கொண்டார். கடையில் நான் சொன்ன இந்த ஒரு வார்த்தையை யாராவது பெரிதுபடுத்தி உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும், "எங்கே, ஒரு பாட்டு வாசிங்க" என்றேன். இதில் பாட்டெல்லாம் வராதாம். பாட்டை வேறு யாராவது வாசிப்பார்களாம். இது அந்தப் பாட்டுக்கு அடியில் நிற்குமாம். என் வீட்டுக்கு அடியிலும்தான் அஸ்திவாரம் நிற்கிறது, அதை யாரும் தினமும் சாயங்காலம் தட்டி வாசிப்பதில்லை. அதிலும் அந்த ஓரத்துக் கம்பி இருக்கிறதே, துணி காயப்போடும் அளவுக்குத் தடிமன். அதைச் சுண்டினால் சத்தம் காதுக்கு வருவதில்லை. நாற்காலிக் கால் வழியாக ஏறி நேரே அடிவயிற்றுக்கு வருகிறது. நல்ல சத்தமாக வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். கம்பி ஒருபக்கம் கரகரவென்று உரசுகிறது, ஸ்பீக்கர் பெட்டி ஒருபக்கம் ஈ மொய்க்கிற மாதிரி இரைகிறது. மாடியில் உங்கள் மருமகள் ஆபீஸ் வேலையாகப் போனில் பேசிக்கொண்டே இருப்பதால், அவளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று இந்தக் கச்சேரி கீழே என் பட்டறையில் நடக்கிறது. நான் பல்செட் செய்து பிழைப்பவன், எனக்குக் காது எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் தங்களுக்குப் போன் செய்தேன். முறையிடத்தான் செய்தேன். தாங்கள் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "மலிவு சாமான் அப்படித்தான் இருக்கும் சம்பந்தி. ஒவ்வொண்ணா மாத்தச் சொல்லுங்க, ராஜா மாதிரி ஆயிடும்." தங்கள் ஸ்கூட்டரில் ஹாரனைத் தவிர எல்லாவற்றையும் தாங்கள் மாற்றியிருப்பதையும், இன்றைக்கு அந்த ஹாரன் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதையும் அந்த நேரத்தில் நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்காமல் தங்கள் ஆலோசனையை அப்படியே மாப்பிள்ளையிடம் சொல்லித் தொலைத்தேன்.

முதலில் கம்பிகளை மாற்றினார். புதுக் கம்பி இன்னும் தடிமன் என்பதால், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதிந்து உட்காரும் சின்னக் கட்டையின் பள்ளத்தில் அது இறங்கவில்லை. சுண்டும்போதெல்லாம் துள்ளி வெளியே வந்தது. மாப்பிள்ளை நகம் வெட்டியில் இருக்கும் அரத்தால் அந்தப் பள்ளத்தை ராவிக்கொண்டிருந்தார். கண்கொண்டு பார்க்க முடியவில்லை சம்பந்தி. காலமெல்லாம் அரம் பிடித்தவன் நான், ஒரு மனுஷன் நகம் வெட்டியால் பிளாஸ்டிக்கைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்? பிடுங்கி நானே ராவினேன். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது, கட்டை பிளந்தே போய்விட்டது. சரி, கெடுத்தவன்தானே சரி பண்ண வேண்டும் என்று, பல்செட்டுக்கு ஈறு செய்யும் மாவைக் குழைத்து, அச்சில் வார்த்து, வேகவைத்து, ஆறு பள்ளமும் கச்சிதமாக வெட்டி, மெருகேற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, ரோஸ் கலரா இருக்கே." "ஈறு பின்னே என்ன கலர்ல இருக்கும்?" என்றேன். மாட்டிப் பார்த்தால் கம்பி பசை போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் என் பங்கு. அதற்குமேல் நான் தலையிடவே இல்லை.

அதாவது, அடுத்ததாக முறுக்காணிகளை மாற்றும் வரையில் தலையிடவில்லை. பழைய ஆணிகள் நழுவுகின்றன, சுருதி நிற்கவில்லை என்று கனமான ஆணிகளாக வாங்கி மாட்டினார். இப்போது தலை கனத்துவிட்டது. தோளில் மாட்டிக்கொண்டு கையை எடுத்தால், எதையோ கீழே தொலைத்துவிட்டுத் தேடுவது போல் கழுத்து தரையைப் பார்த்துப் போகிறது. ஒரு கையால் தாங்கிப் பிடித்தால் மறு கையால் வாசிக்க முடியாது. நான் பிடித்துக்கொண்டால் அவர் வாசிக்கலாம். அப்படியும் சில நாள் நடந்தது. அந்தக் காட்சியை என் மனைவி தன் தங்கைக்குப் படம் பிடித்து அனுப்பியதாகக் கேள்வி. அதன்பிறகு, பல்செட் வார்க்கும் பித்தளைப் பெட்டியில் பாதியை எடுத்து, மறுமுனையில் பின்பக்கமாகத் திருகி முடுக்கினேன். தராசு மாதிரி சமமாக நின்றது. பெட்டியின் மறுபாதி இங்கே வேலையில்லாமல் கிடக்கிறது, பல்செட் வேலை இழுக்கிறது, அது என் பாடு.

இரைச்சல் மட்டும் போகவில்லை. கம்பிக்குக் கீழே பதித்திருக்கும் பிக்கப் என்ற காந்தப் பெட்டி மட்டமானதாம், அதுதான் காரணமாம். நல்லதாக ஒன்று வாங்கி வந்தார். அது பள்ளத்தில் நுழையவில்லை. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன். பல் குடையும் முனையை மாட்டி மரத்தைக் குடைந்தேன். அன்றைக்குப் பட்டறையில் இருந்த பல்செட்டுகள் மேலெல்லாம் மரத்தூள். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். மூடி மாட்டி, மாப்பிள்ளை அந்தத் தடிக் கம்பியை ஒருமுறை சுண்டினார். இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, கிண்ணென்று வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "மாமா!" என்றார். "இன்னொரு தடவை" என்றேன்.

நன்றாக வந்ததுதான் கேடாக முடிந்தது. பல் டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் தாடைகளை, மேல் தாடையும் கீழ் தாடையுமாக ஜோடி சேர்த்து, அடியில் பெயர்ச்சீட்டு வைத்து, அலமாரித் தட்டில் வரிசையாக நிறுத்தியிருப்பேன். இந்தத் திருத்தப்பட்ட கம்பியின் அதிர்வில் தாடைகள் எல்லாம் தட்டின் மேல் நடக்க ஆரம்பித்திருக்கின்றன. நாங்கள் இருவரும் சுருதி பார்த்துக்கொண்டிருந்தோம், கவனிக்கவில்லை. சிலது தட்டிலேயே ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன, சிலது கீழே விரித்திருந்த சாக்கின் மேல் விழுந்தன, சீட்டெல்லாம் மின்விசிறிக் காற்றில் போயின. பெருக்க வந்த என் மனைவி, பாவம் உதவி செய்யலாம் என்று, எல்லாவற்றையும் எடுத்து, எது எதற்கு ஜோடி என்று தெரியாமல், உயர வாரியாக அழகாக அடுக்கி வைத்துவிட்டாள். வேலை செய்யும்போது, என்னடா, கடி கொஞ்சம் இடிக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மனது முழுக்க மூன்றாவது கம்பி ஏன் லேசாக மந்தமாகக் கேட்கிறது என்பதிலேயே இருந்தது. ஒரு தலைமையாசிரியருக்கும் ஒரு வக்கீலம்மாவுக்கும் செய்த இரண்டு பல்செட்டையும் பல் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்.

டாக்டர் போனில் கூப்பிட்டார். எடுத்ததுமே, "ஐயா, உங்க பல்லைப் போட்டதிலேர்ந்து தலைமையாசிரியரால வாயை மூட முடியல. வக்கீலம்மாவால வாயைத் திறக்க முடியல" என்றார். வக்கீலம்மாவுக்கு மறுநாள் வழக்காம். எதிர்க்கட்சிக்காரர் என் விலாசம் கேட்டுக் கும்பிட வராததுதான் குறை. "இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் என் கை செய்த பல்லைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கு வந்த கோபத்தில், மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "முதல்ல அதை இங்கேயிருந்து எடுத்துட்டுப் போங்க!" என்று கத்திவிட்டேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "சரி மாமா" என்று மாடிக்குப் போய்விட்டார். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்து, "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணிட்டு, பழி மட்டும் அவருக்கா?" என்றாள். அவளுக்கு விஷயம் முழுவதும் தெரியாது.

ஆகவே, மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் ஆலோசனையால் ராஜாவாகிவிட்ட அந்தச் சாமானை வந்து பெற்றுக்கொண்டு, தங்கள் வீட்டுச் சுவர்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று பரிசோதித்துப் பாருங்கள். இந்த வீட்டில் ஒன்று அது இருக்கும், இல்லை என் தொழில் இருக்கும்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பு. தங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல், பல்லும் சொல்லும் உறுதியாக, நிம்மதியாகத் தூங்கி எழுந்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை தங்கள் அன்புள்ள,
சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி முடித்து, உறையைத் தேடிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரும் கிடாருமாகப் பட்டறைக்கு வந்தார். பித்தளைப் பெட்டியைக் கழற்றி, துணியால் துடைத்து, என் மேஜைமேல் வைத்தார். "இது உங்க சாமான் மாமா." பிறகு உட்கார்ந்து கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்தார். "அதை ஏன் கழட்டறீங்க?" என்றேன். "அந்த ரோஸ் கட்டையும் உங்களுதுதானே. கடையில வந்த பழசையே ஒட்டி மாட்டிக்கறேன்." "பழசுல அந்தக் கம்பி நிக்காதே, துள்ளுமே!" "பரவாயில்ல மாமா. வேற வீடு பாத்துட்டோம், அடுத்த மாசம் போறோம். உங்களுக்கும் தொந்தரவு இருக்காது. நீங்கதானே எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

சொன்னேன்தான் சம்பந்தி. சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவதா? கூடவே என் பெண்ணையும் கூட்டிக்கொண்டா? ஊரில் எத்தனையோ பிள்ளைகள் மாமனார் கத்துவதைக் காதிலேயே வாங்காமல் சௌக்கியமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். நீங்கள் பிள்ளை வளர்த்திருக்கிற லட்சணம், சொன்னதை எல்லாம் செய்கிறார். தாடைகளை நான் வேறு அலமாரிக்கு மாற்றிக்கொள்ள மாட்டேனா? பட்டறையில் இத்தனை வருஷம் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து "இது சரியா மாமா?" என்று கேட்டது இந்தச் சில மாதமாகத்தான். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். இவ்வளவு எழுதியாகிவிட்டது, இதில் பொய்யும் எதுவும் இல்லை, அதனால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், தாங்கள் மட்டும் வாருங்கள். வந்து, இங்கேயே இருக்கச் சொல்லி உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாடிப்படி ஏறி அவர்கள் அறை வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். "போங்க" என்று தெரு கேட்கக் கத்தின வாய்க்கு, "இருங்க" என்று மெதுவாகச் சொல்லக்கூட வரவில்லை.